மூலத்தில் பிறந்த அக்கா

நவராத்திரி விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி கைப்பேசியில் ஒன்றைக் காட்டினாள். பிறந்த நட்சத்திரத்தைச் சொன்னால், நமக்குள் இருக்கும் தேவி யார், அவளிடமிருந்து நாம் பெற வேண்டிய பலம் எது என்று சொல்கிறதாம். வீட்டில் ஒவ்வொருவருக்காகப் பார்த்துக்கொண்டே வந்தவள், "தாத்தா, வத்தலக்குண்டு பாட்டிக்கு என்ன நட்சத்திரம்?" என்றாள்.

"மூலம்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும். காரணம் இருக்கிறது.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அப்பா நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். 1967-இல் அக்காவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜாதகம் கையில் போகும், இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்ற பழமொழி ஜாதகத்துக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை மூத்தவனுக்கு ஆகாது, விசாகம் இளையவனுக்கு ஆகாது. இந்த வாய்ப்பாடு உங்களுக்கும் மனப்பாடமாகவே இருக்கும்.

"மாமனார் இல்லாத வீடாப் பாருங்க" என்றார் தரகர். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் பூராடமாக எழுதிவிடலாம் என்றார். அப்பத்தா உடனே, "பூராடம் நூலாடாதும்பாங்களே, அதுக்கு இதே தேவலை" என்றாள். சரி, உத்திராடமாக எழுதுவோம் என்று அப்பா கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார்.

அதுவரை வாய் திறக்காத அக்கா அன்றைக்குத்தான் பேசினாள். "ஏன்ப்பா, சரஸ்வதியைக் கூப்பிடுற நட்சத்திரம் மூலம்னு பஞ்சாங்கத்துலயே போட்டிருக்கே. சாமிக்கு ஆகுற நட்சத்திரம் எனக்கு ஆகாதா?"

அவள் சொன்னது பொய்யில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நவராத்திரியில் மூல நட்சத்திரம் கூடும் நாளில் 'சரஸ்வதி ஆவாகனம்' என்று இருக்கும். ஆந்திராவில் விஜயவாடா கனகதுர்க்கை கோயிலில் அன்றைக்குத்தான் அம்மனுக்குச் சரஸ்வதி அலங்காரம். நவராத்திரியிலேயே பெருங்கூட்டம் கூடுவதும் அந்த நாளில்தான். நம் ஊரில் மார்கழி மூலத்தை அனுமன் பிறந்த நாள் என்று வடைமாலை சாத்துகிறோம். ஆண் தெய்வத்துக்கும் பெண் தெய்வத்துக்கும் உகந்த நட்சத்திரம், மனுஷப் பெண்ணுக்கு மட்டும் எப்படிக் கெட்டது?

ஜோதிடம் தெரிந்தவர்கள் சிலர், பழமொழியே திரிந்துவிட்டது என்பார்கள். 'ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்' என்பதே மூலச் சொல்லாம். ஆனி மாதத்து மூலத்தில் பிறந்தவருக்கு ராஜயோகம், நட்சத்திரத்தின் பின்பாதிக்கு அது இல்லை என்று பொருள் சொல்வார்கள். ஆனி, ஆண் ஆயிற்று. பின், பெண் ஆயிற்று.

இருபத்தேழு நட்சத்திரங்களில் பத்தொன்பதாவது மூலம். வானத்தில் அது தேளின் கொடுக்கு இருக்கும் இடம். அதற்கு வேதம் சொல்லும் தேவதை நிருதி, அழிவின் தேவி. அதிபதி கேது. பத்து மகாவித்யைகளைக் கிரகங்களுக்குப் பங்கிட்டுச் சொல்லும் ஒரு வழக்கம் உண்டு. சனிக்குக் காளி, குருவுக்குத் தாரா, சுக்கிரனுக்குக் கமலா என்று போகும் அதில், கேதுவுக்கு உரியவள் தூமாவதி. பேத்தியின் கைப்பேசியும் அதைத்தான் சொன்னது. தூமாவதி யார் தெரியுமா? கணவன் இல்லாத கோலத்தில், காக்கைக் கொடியோடு இருக்கும் தேவி. எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஊர் ஒதுக்கிய கோலத்தையே ஒரு காலத்தில் யாரோ தெய்வம் என்று கும்பிட்டிருக்கிறார்கள்.

நம் திண்டுக்கல் சீமைக்கு இது புதிதல்ல. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்த வேலுநாச்சியார், மகள் வெள்ளச்சியைக் கூட்டிக்கொண்டு அடைக்கலம் தேடி வந்தது நம் விருப்பாச்சிக்குத்தான். ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனி போகிற வழியில் பார்த்திருப்பீர்கள். பாளையக்காரர் கோபால நாயக்கர் இடம் கொடுத்தார். திண்டுக்கல் கோட்டையைக் கையில் வைத்திருந்த ஐதர் அலி படை கொடுத்து உதவினார். எட்டு வருடம் காத்திருந்து, 1780-இல் சிவகங்கையை மீட்டார். விஜயதசமியன்று பூக்கூடைகளோடு பெண்கள் ராஜராஜேஸ்வரி கோயிலுக்குள் நுழைந்த கதையைச் சிவகங்கைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். தாலி இழந்தவள் முன்னால் வரக்கூடாது என்று இருந்த காலத்தில், ஒரு சீமையே அவர் பின்னால் வந்தது.

நம் அப்பா அம்மா காலத்துக்கு வந்தால், டாக்டர் சௌந்தரம் அம்மா. டி.வி.எஸ். குடும்பத்தில் 1904-இல் பிறந்தவர். சிறு வயதில் கல்யாணம், இளம் வயதிலேயே கணவர் மறைவு. மூலையில் உட்காராமல் டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். 1940-இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் இருவருமாகக் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1962-இல் திண்டுக்கல்லின் எம்.பி. ஆகி, மத்தியில் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார். இந்தத் தாலுகாவில் எத்தனை பேர் அவர் தொடங்கிய ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் என்று கேட்டால், இதைப் படிக்கிறவர்களிலேயே பல கைகள் உயரும்.

அக்காவுக்கு வழி காட்டியதும் அந்த அம்மாதான். நேரில் இல்லை, பேர் கேட்ட அளவில். "அவுகளைப் பாத்து யாராச்சும் ஜாதகம் கேட்டாங்களா?" என்று சொல்லிவிட்டு அக்கா நர்ஸ் பயிற்சிக்குப் போனாள். ஜாதகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடவில்லை. 1971-இல் மூலம் என்று தெரிந்தே ஒருவர் வந்து கட்டிக்கொண்டார். மாமனார் 1993 வரை இருந்தார். கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவரைத் தூக்கி உட்கார வைத்து, கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டது அக்காதான்.

இத்தனையும் கண்ணால் பார்த்தவன் நான். இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 2006-இல் என் மகனுக்கு ஒரு வரன் வந்தது. படித்த பெண், நல்ல குடும்பம். நட்சத்திரம் மூலம். இந்த முறை மாமனார் நான். ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள், "பொருத்தம் சரியில்லை" என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பொருத்தம் பார்க்கவே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. "பயந்துட்டியாடா" என்று மட்டும் கேட்டாள். வசவை மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா, தரகர் முன்னால் ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்திருப்பார் அல்லவா? 1967-இல் என் அப்பாவும் அப்படித்தான் வைத்தார்.

ஜோதிடத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் பஞ்சாங்கம் பார்க்காமல் ஒன்றும் செய்கிறவனில்லை. அதே பஞ்சாங்கத்தில் மூலத்துக்கு நேரே சரஸ்வதியும் இருக்கிறாள். நிர்மூலம் என்பதை வாயால் சொல்லிப் பரப்பியவர்கள் நாம்தான். பேரன் பேத்திகளுக்கு வரன் பார்க்கும் வயதில் இருக்கிறோம். ஒரு ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும் முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருட ஆயுத பூஜைக்கு அக்காவும் வந்திருந்தாள். புத்தகங்களுக்குப் பக்கத்தில், பிரசவப் பையில் வைத்திருந்த தன் பழைய கத்தரிக்கோலை வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். பேத்தி கைப்பேசியை நீட்டி, "பாட்டி, உங்களுக்குள்ள தூமாவதி இருக்காங்களாம்" என்றாள்.

"இருந்துட்டுப் போகட்டும்டி. முதல்ல போயி சுண்டலை எடுத்துட்டு வா" என்றாள் அக்கா.