சண்டையில் தோற்ற சேவல், சாப்பாட்டில் வென்ற கதை



பாசாரில் நாம் வாங்கும் வெள்ளைப் பண்ணைக் கோழிக்கும் சேவல் சண்டைக்கும் என்ன தொடர்பு? இப்படிக் கேட்டால் பலரும் சிரிப்பார்கள். ஆனால் தொடர்பு உண்டு. அந்தக் கோழியின் தந்தைவழி முன்னோர்கள் சண்டைச் சேவல்கள். அவற்றுள் ஒன்று இந்தியாவிலிருந்து போனது. இன்னொன்று நம் மலாயாவின் பெயரையே தாங்கியது. சண்டைக்காக உருவாக்கிய ஓர் இனம் சண்டைக்கு ஆகாமல் போய், பிறகு உலகத்துக்கே உணவான வரலாற்றை இன்று பார்ப்போம்.

காட்டிலிருந்து களத்துக்கு

கோழி மனிதனோடு வாழத் தொடங்கியது நம்முடைய வட்டாரத்தில்தான். தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியே அதன் முக்கிய மூதாதை என்று 2020-ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. இன்றைய கோழிகள் பலவற்றின் தோலில் காணும் மஞ்சள் நிறம், தென்னிந்தியாவின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பது 2008-ல் தெரிய வந்தது.

சேவல்கள் தமக்குள் சண்டையிடுவது இயற்கை. அதை மனிதன் வேடிக்கையாக்கினான், பிறகு பந்தயமாக்கினான். தமிழருக்கும் இது புதிதல்ல. குப்பைமேட்டில் சண்டையிடும் கோழிகளை உவமையாகச் சொன்ன புலவருக்குக் 'குப்பைக் கோழியார்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய பாடல் குறுந்தொகையில் இருக்கிறது.

வென்ற சேவலைக் காப்பாற்றி அதன் குஞ்சுகளை வளர்ப்பது, தோற்றதை ஒதுக்குவது என்று தலைமுறை தலைமுறையாக நடந்தது. அப்படி உருவானதே இந்தியாவின் அசில். உறுதியான எலும்பு, இறுகிய தசை, ஒட்டிப் படிந்த இறகு, பின்வாங்காத குணம் ஆகியவை அதன் அடையாளங்கள். மலாய்க் கோழியோ நெடிய கால்களும் நீண்ட கழுத்துமாக இரண்டரை அடி உயரம் நிற்கக் கூடியது. இவ்விரண்டும் 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கிலாந்து சென்றன.

தளபதியின் ஆசை

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் போட்மின் என்னும் ஊரில் 1785-ல் பிறந்தவர் சர் வால்டர் கில்பர்ட். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் தளபதியாக இருந்தவர். அசில் சேவலையும் ஆங்கிலேயச் சண்டைக் கோழியையும் கலந்து, எவரும் வெல்ல முடியாத சேவலை உருவாக்க அவர் முயன்றார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பின்னர் அதில் மலாய்க் கோழியின் இரத்தமும் கலந்தது. அந்த இனத்துக்கு 'இந்தியச் சண்டைக்கோழி' என்று பெயர் வைத்தார்கள்.

விளைவு என்ன? கால்கள் குட்டையாக, அகன்று நின்றன. நெஞ்சு பெருத்தது. உடல் கனத்தது. களத்தில் சுறுசுறுப்பாகத் துள்ள அதனால் முடியவில்லை. வெற்றிக்காகப் பிறந்த இனம், சண்டைக்குப் பயன்படாத இனமாகிவிட்டது. இதற்கிடையே 1835-ல் இங்கிலாந்தில் சேவல் சண்டையே சட்டப்படி தடை செய்யப்பட்டது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் விவசாயிகள் வேறொன்றைக் கவனித்தார்கள். சண்டைக்குக் குறையாக இருந்த அந்தப் பெருத்த நெஞ்சு, சமையலுக்கு நிறைவாக இருந்தது! இந்தச் சேவலை வேறு இனப் பெட்டைகளோடு சேர்த்தபோது நல்ல சதைப்பற்றுள்ள குஞ்சுகள் பிறந்தன. அமெரிக்காவுக்கும் இந்த இனம் போனது. அங்கே 'சண்டை' என்ற சொல்லும் 'இந்திய' என்ற சொல்லும் பெயரிலிருந்து உதிர்ந்து, வெறும் 'கார்னிஷ்' ஆயிற்று.

நாளைய கோழி

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்ற போட்டி நடந்தது. வேளாண்மைத் துறையின் ஆதரவோடு ஒரு பெரிய மளிகைக் கடை நிறுவனம் அதை நடத்தியது. பல மாநிலங்களிலிருந்து வந்த முட்டைகளை ஒரே இடத்தில் பொரிக்க வைத்து, ஒரே தீவனம் கொடுத்து, 12 வாரம் வளர்த்து ஒப்பிட்டார்கள். 1948-லும் 1951-லும் வென்றவர் கலிபோர்னியாவின் சார்ல்ஸ் வான்ட்ரெஸ். அவருடைய கோழி, கார்னிஷும் நியூ ஹாம்ப்ஷயர் இனமும் கலந்த கலப்பினம்.

கார்னிஷ் பெட்டை முட்டையிடுவதில் பின்தங்கியது. அதனால் தந்தைப் பக்கம் கார்னிஷ் வழி, தாய்ப் பக்கம் அதிகம் முட்டையிடும் வெள்ளை பிளிமத் ராக் போன்ற இனத்தின் வழி என்று பிரித்து வளர்த்தார்கள். இரண்டும் சேரும்போது கிடைப்பதே பிராய்லர்.

அதன் வளர்ச்சி எவ்வளவு தெரியுமா? கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வகைகளை ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் அவை எட்டிய எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம்! இந்த வேகத்துக்கு விலையும் உண்டு. இதயக் கோளாறும் கால் பலவீனமும் வேகமாக வளரும் கோழிகளை வாட்டுகின்றன.

யார் கையில் விதை?

நேயர்களே, இங்குதான் நாம் சிந்திக்க வேண்டும். பிராய்லர் குஞ்சை வளர்த்து, அதற்குக் குஞ்சு பொரித்தால், தாய்தந்தையைப் போன்ற கோழி சீராகக் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் புதிய குஞ்சு வாங்கியாக வேண்டும். அதன் பாட்டன் பாட்டி வழிகளோ உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களின் கையில் உள்ளன. மலாயாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன இரத்தத்தை நாமே இன்று விலை கொடுத்து இறக்குமதி செய்கிறோம்.

2022 ஜூன் முதல் தேதி, உள்நாட்டுத் தட்டுப்பாட்டால் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. தனக்கு வேண்டிய கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அங்கிருந்து பெற்ற சிங்கப்பூர், கோழிச் சோற்றுக்கு என்ன செய்வது என்று கலங்கியது. இரண்டு வாரங்களில் முதலில் அனுமதி கிடைத்தவை எவை? கம்பத்துக் கோழியும் கருங்கோழியும்தான். எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்கக் கூடாது என்பது கோழிக்கும் பொருந்தும்.

இதை உணர்ந்தவர்களும் இருக்கிறார்கள். மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி, கம்பத்துக் கோழியை மேம்படுத்தி 'ஆயாம் சாகா'வை உருவாக்கியது. இந்தியாவின் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம், அசில் கலந்த 'நிர்பீக்' என்னும் கோழியைத் தந்தது. நிர்பீக் என்றால் அஞ்சாதது என்று பொருள்.

சேவல் சண்டையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது கொடுமை, தடையே சரி. ஆனால் அந்த இனங்கள் வேறு, அந்த விளையாட்டு வேறு. இன்று குறை என்று நாம் ஒதுக்கும் ஒரு குணம், நாளை யாருக்கு எப்படி உதவும் என்று எவராலும் சொல்ல முடியாது. கில்பர்ட்டின் நினைவாகப் போட்மின் குன்றில் 144 அடி உயரத் தூண் நிற்கிறது. அதைப் பார்த்தவர்கள் சிலரே. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் தோற்ற சேவலின் வாரிசோ உலகின் சமையலறைகளில் எல்லாம் இருக்கிறது. கம்பத்துக் கோழியையும் அசிலையும் இன்னும் வளர்ப்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் காப்பது வெறும் கோழியை அல்ல, நாளைக்கான விதையை!