ஒன்று குறைந்த பெரும்பான்மை: 1904 சட்டமும் சிண்டிகேட்டும்

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் அரசுப் பிடியை இறுக்கவே வந்தது என்பது நம் கல்வி வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்ட கருத்து. இதற்கு வலுவான தொடக்கம் தந்தவர் அன்றைய சட்டமன்ற உறுப்பினர் கோகலே. பல்கலைக்கழகங்கள் அரசுத் துறைகளாகிவிடும் என்றும், குறுகிய பார்வையுள்ள வல்லுநர்களின் ஆட்சி வரும் என்றும் அவர் சட்டமன்றத்தில் எதிர்த்தார். பின்வந்தோர் இவ்விரு குற்றச்சாட்டுகளையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டனர். முதலாவதை ஏற்கிறேன்; இரண்டாவதைத் தனியே சோதிக்க வேண்டும்.

பல்கலைக்கழகப் பேரவையான செனட்டைப் பொறுத்தவரை கோகலேவை மறுக்க இடமில்லை. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று பழைய பல்கலைக்கழகங்களிலும் சாதாரண உறுப்பினர் எண்ணிக்கை 50 முதல் 100 வரை என வரையறுக்கப்பட்டது. தேர்தல் வழி வருவோர் 20 பேர் மட்டுமே. மற்றவர்கள் வேந்தரின் நியமனம். ஆயினும் எண்ணிக்கையைக் குறைத்ததையே அடக்குமுறையாகக் கொள்வது பொருந்தாது. 1857ஆம் ஆண்டுச் சட்டங்கள் உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்கவில்லை. பதவியோ பெரும்பாலும் ஆயுட்காலத்துக்கு. கல்வித் தகுதி பாராமல் கௌரவமாகவே அது வழங்கப்பட்டது என்பது 1902இல் ராலே தலைமையிலான ஆணையம் கண்ட குறை. அன்றாட நிர்வாகத்தை நடத்திய சிண்டிகேட்டுக்கோ அச்சட்டங்களில் இடமே இல்லை. எனவே ஓர் அவை தன் வேலையைச் செய்கிறதா என்ற கேள்வி அரசியல் நோக்கத்துக்கு வெளியிலும் உண்மையாகவே இருந்தது.

1904 சட்டத்தின் சிண்டிகேட் பிரிவில் உள்ள ஒரு நிபந்தனை பெரிதாகப் பேசப்படவில்லை. சிண்டிகேட்டில் துணைவேந்தரும் பொதுக்கல்வி இயக்குநரும் இருப்பர். இவர்களுடன் 7 முதல் 15 பேர் வரை தேர்ந்தெடுக்கப்படுவர். தேர்வானோரில், பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கையிலிருந்து ஒன்றுக்கு மேல் குறையாத அளவு, இணைப்புக் கல்லூரி முதல்வர்களோ பேராசிரியர்களோ இருக்கும்படி விதிகள் அமைய வேண்டும். 15 பேர் என்றால் பெரும்பான்மை 8. ஆகவே ஆசிரியர் குறைந்தது 7. 7 பேர் என்றால் குறைந்தது 3. பதவிவழி இருவரையும் சேர்த்தால் 17 பேரில் 7 இடங்களே உறுதி.

இந்த ‘ஒன்று’ ஏன்? கட்டுப்பாடு மட்டுமே குறிக்கோள் என்றால் நியமனமே போதும். ஆசிரியருக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை. வல்லுநர் ஆட்சியே குறிக்கோள் என்றால் பெரும்பான்மையையே தந்திருக்கலாம். பாடம் நடத்துவோர் இல்லாத குழு சரியாக இயங்காது என்பதை ஏற்றுக்கொண்டு, முடிவை மட்டும் அவர்கள் கையில் உறுதியாகக் கொடுக்கத் தயங்கிய சமரசம் இது என்பது என் வாசிப்பு. சட்ட வாசகத்திலிருந்து பெறும் ஊகமே இது. தேர்ந்தெடுப்பது செனட்டோ புலங்களோ, அந்தச் செனட்டே பெரிதும் நியமனத்தால் ஆனது என்ற எதிர்வாதமும் வலுவானது. முதல்வர்களில் ஐரோப்பியர் மிகுந்திருந்த காலத்தில் கோகலேயின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

சென்னையில் இந்த நிபந்தனை புதுமையாகத் தோன்றியிருக்காது. கிறித்துவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர் 1901 முதல் 1904 வரை துணைவேந்தர். ஒருவரை வைத்து வழக்கத்தை நிறுவ முடியாதுதான். ஆனால் கல்லூரி முதல்வர் ஒருவரே தலைமை நாற்காலியில் இருந்த பல்கலைக்கழகத்தில், சட்டம் அந்நியமான வல்லுநரைக் கொண்டுவந்து திணித்தது என்பதைவிட, நடந்துகொண்டிருந்ததற்கு வரம்பு கட்டியது என்பதே பொருந்தும்.

சாட்லர் தலைமையிலான கல்கத்தா பல்கலைக்கழக ஆணையம் (1917–19) நிர்வாகத்துக்கும் கல்விக்கும் தனித்தனி அவைகளைப் பரிந்துரைத்தது. 1923ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் கல்விக் குழுவை உருவாக்கியது. 1904இல் ஓர் இடம் குறைத்து நின்ற சமரசம், கல்வி விவகாரங்களுக்குத் தனி அவை பிரிந்தபோது தேவையற்றுப் போயிற்று எனலாம். ஆனால் ஆசிரியர் கையில் அதிகாரம் வந்த ஆண்டு 1923தான் என்று நான் எழுதமாட்டேன். பணமும் நியமனமும் சிண்டிகேட்டின் வசமிருக்க, பாடத்திட்டம் மட்டும் கை மாறுவதை அதிகார மாற்றம் என்று சொல்வது மிகை. 1904, 1923 ஆகிய இரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இருபதாண்டுகளில் அந்த மாற்றத்தைத் தேடுவதே பாதுகாப்பான வழி.