வருசப்பிறப்பு ஏன் நகருது?

ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கட வீடுகளில் ஒரு சின்ன வழக்கு நடக்கும். வருசம் எத்தனை மணிக்குப் பிறக்குது? வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். மருத்துநீர் வைக்கிறது எப்ப, கைவிசேஷம் வாங்கிறது எப்ப எண்டு கதைச்சே பொழுது போய்விடும். ஆனால் இந்தச் சில மணித்தியாலங்களை விடப் பெரிய இடைவெளி ஒன்று இரண்டு பஞ்சாங்கங்களிலும் இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

பகலும் இரவும் சமமாகிற நாள் மார்ச் 20 அல்லது 21. சித்திரை முதலாம் நாள் அதிலிருந்து ஏறத்தாழ 24 நாள் பிந்தி வருகிறது. கி.பி. 499 இல், ஆரியபட்டரின் கணக்கில், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிறகு எப்படிப் பிரிந்தன?

வாக்கிய முறை பின்பற்றுவது ஆரியபட்டரின் வருசத்தை: 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இன்றைய கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 செக்கன். சூரியன் அதே நட்சத்திரப் பின்னணிக்குத் திரும்பி வர எடுக்கும் காலம் இது என்று கொண்டார்கள். பருவங்கள் திரும்பி வர எடுக்கும் காலமோ 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 செக்கன். பூமியின் அச்சு சுமார் 26,000 வருசத்துக்கு ஒருமுறை பம்பரம் போல மெல்லத் தலைசுற்றுவதால்தான் இவை இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

வித்தியாசம் வருசத்துக்குச் சுமார் 24 நிமிடம். 60 வருசத்தில் ஒரு நாள். அதாவது பிரபவ தொடங்கி அட்சய வரை ஒரு சுற்று முடிய, வருசப்பிறப்பு பருவத்தை விட்டு ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும். தைப்பொங்கலுக்கும் இதே கதைதான். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22 இல். நாங்கள் பொங்குவது ஜனவரி நடுப்பகுதியில்.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு நகர்வு இருந்தது. அங்கே 1582 இல் 10 நாட்களை வெட்டி, ஒக்டோபர் 4 க்கு அடுத்த நாளை 15 ஆக்கினார்கள். இந்தியாவில் மேகநாத் சாகா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957 இல் வந்த தேசிய நாட்காட்டி மார்ச் 22 இல் தொடங்கியது. அரசாங்கக் கடதாசியில் அது இருக்கிறது; சனம் பழைய நாளிலேயே கொண்டாடுது.

இலங்கையில் இன்னொரு விளக்கமும் உலாவுகிறது. ஏப்ரல் 5 அளவில் தெய்வேந்திரமுனைக்கு நேர் மேலே வரும் சூரியன், 14, 15 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிடும். "அதைப் பார்த்துத்தான் முன்னோர் வருசப்பிறப்பை வைச்சவை" எண்டு சொல்லுவினம். ஆனால் ஆரியபட்டர் காலத்து வருசப்பிறப்பில் சூரியன் நின்றது பூமத்திய ரேகைக்கு மேலே. இன்னும் 600 வருசத்தில் அந்த நாளின் உச்சிச் சூரியன் சென்னைக்குக் கிட்டப் போயிருக்கும். இப்போது எங்கட தலைக்கு மேலே நிற்பது இந்தக் காலத்தின் தற்செயல்.

நாளை மாத்தச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. நட்சத்திரத்தைப் பின்பற்றும் வருசமும் ஒரு வருசம்தான். அயனாம்சம் என்ற பெயரில் இந்த நகர்வைப் பஞ்சாங்கக்காரரே கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் இதே வேகத்தில் போனால், ஏறத்தாழ 1,800 வருசத்தில் பொங்கல் இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போகும். காலபோக அறுவடை அதுக்காகக் காத்திருக்காது. அப்போது பொங்கலை வயலோடு வைத்திருப்பதா, வானத்தோடு வைத்திருப்பதா என்று யாரோ தீர்மானிக்கத்தான் வேணும். அந்தக் கேள்வியையாவது இப்போதே தெரிந்து வைத்திருப்போம்.