காருக்குக் காப்பீடு உள்ளது. ஓட்டுபவருக்கு அது பொருந்துமா?

இந்தியாவில் மோட்டார் காப்பீடு ஓட்டுநரின் பெயரில் அல்லாமல் வாகனத்தின் மீதே எடுக்கப்படுகிறது. ஆகவே, நண்பரின் காரையோ உறவினரின் காரையோ அவரது அனுமதியுடன் ஓட்டிச் செல்பவர் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டியதில்லை. ஆனால், ஓட்டுபவரிடம் அந்த வகை வாகனத்துக்கான, நடப்பில் உள்ள ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. பாலிசி ஆவணத்தில் 'ஓட்டுநர்' என்ற தலைப்பில் சில வரிகளில் அச்சிடப்பட்டிருக்கும் இந்த விதியைப் பெரும்பாலானோர் விபத்துக்குப் பிறகே படிக்கின்றனர்.

பழகுநர் உரிமம் வைத்திருப்பவரும் ஓட்டலாம். எனினும், உரிமம் பெற்ற ஒருவர் அருகில் அமர்ந்திருப்பது, 'எல்' பலகை பொருத்துவது உள்ளிட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளை அவர் பின்பற்றியிருக்க வேண்டும். உரிமம் காலாவதியான பிறகும் 30 நாள்கள் செல்லும் என்று இன்னும் பலர் நம்புகின்றனர். 2019-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தில் அந்தச் சலுகை நீக்கப்பட்டுவிட்டது.

உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேரிட்டால், சொந்தக் காரின் சேதத்துக்கான கோரிக்கை நிராகரிக்கப்படலாம். பாதிக்கப்பட்ட மூன்றாம் நபரின் நிலை வேறு. 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, உரிமம் இல்லை என்று கூறி மட்டும் நிறுவனம் தப்பிவிட முடியாது. உரிமையாளர் தெரிந்தோ அலட்சியத்தாலோ நிபந்தனையை மீறினார் என்பதை அது நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், இழப்பீட்டை முதலில் வழங்கிவிட்டு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. காரைக் கடன் கொடுத்தவர் பல லட்சம் ரூபாய்க்குப் பொறுப்பாவது இப்படித்தான்.

அடுத்து கவனிக்க வேண்டியது தேதி. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதக் காப்பீடோ பெரும்பாலும் ஓராண்டுக்கே எடுக்கப்படுகிறது. ஒரே தாளில் இரு காலாவதி தேதிகள் இருப்பதால், மூன்றாண்டுக்குக் கவலையில்லை என எண்ணி, இரண்டாம் ஆண்டிலேயே சொந்தச் சேதக் காப்பீடு இல்லாமல் ஓட்டுவோர் உண்டு.

பழைய கார் வாங்கியவர்கள், பாலிசியைத் தங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு வாகனத்துடன் தானாகவே மாறிவிடும். சொந்தச் சேதக் காப்பீடு அவ்வாறு மாறாது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடும், பெயரே சொல்வதுபோல, காரை இரவல் வாங்கி ஓட்டுபவருக்குக் கிடைக்காது. சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விடுவதும், மது அருந்திவிட்டு ஓட்டுவதும் கோரிக்கை நிராகரிக்கப்படக் காரணமாகும்.

காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதை எம்-பரிவாஹன் செயலியில் பதிவெண்ணைக் கொண்டு அறியலாம். ஆனால், அதில் தெரிவது காப்பீட்டின் செல்லுபடிக் காலமே. ஓட்டுநர் விதியைப் பாலிசி ஆவணத்தில்தான் பார்க்க வேண்டும்.

காப்பீடின்றி ஓட்டினால் முதல்முறை ரூ.2,000 அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் சிக்கினால் அபராதம் ரூ.4,000. சொந்தச் சேதக் காப்பீடு காலாவதியாகி 90 நாள்கள் கடந்துவிட்டால், கோரிக்கையின்றி ஓட்டிய ஆண்டுகளுக்காகச் சேர்ந்திருந்த பிரீமியத் தள்ளுபடியும் பறிபோகும்.