குழாய் வழியே வந்த கிதார்

வாசித்து முடிந்த கிதாரின் பதிவை வேறோர் ஆம்ப்ளிஃபையரில் ஓடவிட்டு, அதன் ஸ்பீக்கர் முன் மைக் வைத்து மறுபடி பதிவு செய்வதற்கு 'ரீ-ஆம்ப்பிங்' என்று பெயர். விரல்கள் பழையவை, குரல் புதிது. 1947இல் சிகாகோவில் பில் புட்னம், ஹார்மோனிகாட்ஸ் குழுவின் வாசிப்பைக் குளியலறைக்குள் ஒலிக்கவிட்டு எதிரொலியோடு திரும்பப் பிடித்தது இதற்கு ஒரு முன்னோடி. 1990களின் தொடக்கத்தில் ஜான் குனிபர்ட்டி, பதிவு இயந்திரத்தின் வலுத்த மின்சைகையைக் கிதாரிலிருந்து வருவதுபோல் மெலிவாக்கித் தரும் சிறு பெட்டியொன்றைச் செய்தார். 2002இல் ஆம்ப்ளிடியூப் என்ற மென்பொருள் வந்தது; ஆம்ப்ளிஃபையரே வெறும் கணக்காயிற்று.

இது ஸ்டூடியோக்களின் சரித்திரம். ஸ்டூடியோ இல்லாத இடங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் யோசிப்பதில்லை. 1936இல் தோன்றிய தியாகராஜர் ஆலையால் அறியப்பட்ட கப்பலூரையும், திருமங்கலம் வரை விரியும் சமவெளியையும் எடுத்துக்கொள்வோம். சடங்கு வீட்டிலும் அம்மன் பொங்கலிலும் ரேடியோ செட்காரர் உயரத்தில் கட்டிய குழாய்கள்தாம் இங்கே சினிமா இசையின் இரண்டாவது ஆம்ப்ளிஃபையர்.

1976இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜா, அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்துக்காரர். கிதார் கலைஞராக இருந்தவர். அவர் பாடல்களில் பாஸ் கிதார் பல சமயம் தனி மெட்டாகவே நடக்கும். அதன் கனத்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிதாரின் கனத்த தந்தி 82 முறை. கூம்புக் குழாயோ சுமார் 300க்குக் கீழ் ஏறக்குறைய ஊமை. ஆக, அடி ஸ்வரம் வயல்வெளிக்கு வந்து சேரவே இல்லை. வந்தவை அதன் மடங்கு அதிர்வுகள் மட்டுமே. அவற்றை வைத்து, வராத ஸ்வரத்தைக் காது தானே கட்டிக்கொள்கிறது. செவிப்புலன் ஆராய்ச்சி நன்கறிந்த விஷயம் இது. கப்பலூர்க்காரன் கேட்ட பாஸில் ஒரு பகுதி அவனே இயற்றியது.

இன்று பழைய பாடல்களைச் சுத்தப்படுத்தி வெளியிடுகிறார்கள். மூலம் கிடைத்துவிட்டதாக நமக்குத் திருப்தி. எந்த மூலம்? மியூசிக் அறையில் நாலு பேர் கேட்டதா, ஊர் கேட்டதா? ஒரு பிரதியின் சரித்திரத்தில் அதன் வாசிப்புகளுக்கு இடம் தருகிற நாம், பாட்டுக்கு மட்டும் அதை மறுக்கிறோம்.

குழாய்க்காக அழ வேண்டியதில்லை. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் பட்ட பாடு பொய்யல்ல. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தியது நியாயமே. ஆனால் இசைத்தட்டைப் பத்திரப்படுத்துகிற நாம், அது எப்படிக் கேட்டது என்பதைப் பத்திரப்படுத்தவில்லை. ரீ-ஆம்ப்பிங் அதற்கு வழி சொல்கிறது. பழுதில்லாத ஒரு குழாய், ஒரு திறந்த வெளி, அரை மைல் தள்ளி ஒரு மைக். ஒரு பகல் போதும். குழாய்கள் பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டும்.