பட்டணத்தின் தண்ணீர்க் கணக்கு

சென்னைக்குக் குடியேறுகிறவர் வாடகையைக் கேட்கிறார், பள்ளிக்கூடத்தைக் கேட்கிறார். கிணற்றைக் கேட்பவர் அரிது. அந்நகரின் வரலாறோ பெரும்பாலும் தண்ணீர் தேடிய வரலாறே.

1772-ல் கறுப்பர் நகரத்தில் ஏழு கிணறுகள் வெட்டிக் கோட்டைக்கு நீர் அனுப்பினர். அந்தப் பகுதிக்கு இன்றும் ஏழுகிணறு என்றே பெயர். ஊர் பெருகவே 1872-ல் செங்குன்றம் ஏரி நீர் வந்தது. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. 1941-ல் ஏறத்தாழ 7.8 லட்சமாயிருந்த மக்கள்தொகை 1951-ல் 14 லட்சத்தைத் தாண்டிற்று. நகரின் எல்லை விரிந்தது ஒரு காரணம். பிழைப்புத் தேடி வந்தவர்கள் மற்றொரு காரணம்.

பின்பு கைகள் தூரத்துக்கு நீண்டன. 1996-ல் கிருஷ்ணா நீர், 2004-ல் வீராணம் நீர். வீராணம், கடலூர் மாவட்டத்து உழவருக்குப் பாசனம் தந்துவரும் ஏரி என்பதைக் குழாயைத் திறப்பவர் நினைப்பதில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே தண்ணீர் வந்தது!

என் கணிப்பில், இவை எல்லாவற்றிலும் நியாயமான ஏற்பாடு 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமாக்கியதுதான். அதற்கு வேறு ஊராரின் பங்கு தேவையில்லை. மாடியில் விழும் மழை குழாய் வழியே இறங்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழியில் வடிந்து, கிணற்றுக்கோ நிலத்துக்கோ போய்ச் சேருகிறது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் கிணறுகளின் நீர்மட்டம் ஏறியது. ஆனால் அதிகாரி பார்வைக்கென்றே குழாய் பதித்தவர்களும் உண்டு.

ஆகவே, பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பும் பெற்றோரே, வீடு பார்க்கும்போதே மாடிக் குழாய் எங்கே முடிகிறதென்று பார்க்கச் சொல்லுங்கள். சில வீடுகளில் அது தெருச் சாக்கடையில் முடிகிறது.