இறங்கித் தள்ளிய தெருவில் ஏறிப் போவது

மாசி, பங்குனி ஆகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் லோயர் கேம்புக்குச் சைக்கிள்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். தேனி, சின்னமனூர், கம்பம் பக்கமிருந்து விடியும் முன்பே கிளம்பி, கூடலூரைத் தாண்டி, பென்னிகுவிக் மணிமண்டபத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் அங்கிருந்து திரும்பிவிடுவார்கள். கால் பலம் உள்ளவர்கள் குமுளி மலைப்பாதையில் ஏறுவார்கள். தலையில் ஹெல்மெட், கியர் சைக்கிள், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். உடல்நலம், சுற்றுச்சூழல் என்று பதாகை. நல்ல விஷயம்தான். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

போன மாதம் அப்படி ஒரு கூட்டம் போவதைச் சாலையோர டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் பெரியப்பா. எழுபது வயதைத் தாண்டியவர், ஏலத்தோட்ட வேலையில் முதுகு வளைந்தவர். அவர் சொன்னார்: "ஏத்தா, இம்புட்டுப் பேரு சேந்து போனா எவன் எறங்கச் சொல்லுவான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய இளவயதுக் கதை எனக்குத் தெரியும். தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் வாங்கினார். பள்ளத்தாக்கில் உள்ள அவருடைய ஊரில், ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைக்க வேண்டும். தெரு முடியும் வரை தள்ளிக்கொண்டு போய், அதற்குப் பிறகு ஏறிக்கொள்ளலாம். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள், அரசாங்கம் போட்ட ரோடு. ஆனாலும் இறங்கித்தான் போக வேண்டும். ஒருநாள் இரவு, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஏறியே போனார். மறுநாள் காலையில் அவருடைய அப்பாவைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார்கள். அடிக்கவில்லை. பேசியதே போதுமானதாக இருந்தது.

பெரியப்பா சொன்ன அந்த ஒரு வரியில் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. தனியாகப் போகிறவனை இறக்கிவிடலாம். நூறு பேராகப் போகிறவர்களை இறக்கிவிடுவது கடினம். கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுவது மற்றவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம், உடற்பயிற்சியாக இருக்கலாம். நமக்கு அது பாதையின் மீதான உரிமை. அந்த வரலாற்றைக் கொஞ்சம் நினைவுபடுத்தத்தான் இந்தக் கட்டுரை.

லோயர் கேம்பிலிருந்து மலை ஏறினால் குமுளி. அந்தப் பக்கம் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானம். அந்தச் சமஸ்தானத்தின் தென்பகுதியில், வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. புலையர் சமூகத்தவர். அவர் காலத்தில் புலையர்கள் பொதுச்சாலையில் நடப்பதே குற்றம். 1893இல் அவர் ஒரு வில்லுவண்டியை வாங்கி, மாடுகளைப் பூட்டி, நல்ல உடை உடுத்தி, தடுக்கப்பட்ட சாலையிலேயே ஓட்டிப் போனார். தடுத்தவர்களை எதிர்கொண்டார். மனு எழுதி அனுமதி கேட்டுக் காத்திருக்காமல், வண்டியில் ஏறி உட்கார்ந்தே உரிமையை எடுத்துக்கொண்ட போராட்டம் அது. வண்டி என்பது சாமான் ஏற்ற மட்டும் அல்ல, யார் உயரத்தில் உட்காரலாம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மலைக்கு இந்தப் பக்கமும் நிலைமை ஒன்றும் உயர்வாக இல்லை. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம் எதையும் எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடை இல்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. சட்டை போடக் கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். மீறிய இடங்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

அந்தப் பட்டியலில் சைக்கிள் இல்லை. காரணம் எளிது. அப்போது நம் மக்களிடம் சைக்கிளே இல்லை. 1949இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஊர்தோறும் மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் கடைகள் வந்தன. குரங்குப் பெடல் போட்டு நம் பிள்ளைகளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் சேரிக்குள் வந்ததும் குடைக்கும் செருப்புக்கும் பக்கத்தில் அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சாதி பழைய வழக்கம் என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சைக்கிளைப் பற்றி எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருக்க முடியாது. புதிதாக ஒரு பொருள் வந்தால் அதற்கென்று புதிதாக ஒரு தடையை உண்டாக்கிக்கொள்ளும் திறமை சாதிக்கு இருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்காவில் சைக்கிள்காரர்களின் பெரிய சங்கமாக இருந்த லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென், 1894இல் வெள்ளையர்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி போட்டது. ஐந்தே வருடத்தில், 1899இல், மாண்ட்ரியால் நகரில் நடந்த போட்டியில் மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர் உலக சாம்பியன் ஆனார். அந்தச் சங்கம் தன் நிறத்தடையை முறைப்படி கைவிட்டது 1999இல்தான். உலக சாம்பியனாக இருந்தாலும் கூட்டத்தில் சேர்க்க மாட்டோம் என்பது இங்கே நமக்குப் புரியாத விஷயமா?

இனி நம்முடைய பெரிய சைக்கிள் பயணத்துக்கு வருவோம். 1981 டிசம்பர் 6 அன்று மான்யவர் கான்ஷிராம் டி.எஸ்.4 என்று அழைக்கப்பட்ட அமைப்பைத் தொடங்கினார். அதற்கு முன்பே பாம்செஃப் மூலம் அரசு ஊழியர்களைத் திரட்டியிருந்தார். ஆனால் ஊழியர்கள் நகரங்களில் இருந்தார்கள், மக்கள் கிராமங்களில் இருந்தார்கள். பத்திரிகைகள் நம்மைப் பற்றி எழுதுவதில்லை. கார் வாங்கக் காசில்லை. என்ன செய்வது?

1983 மார்ச் 15, அவருடைய பிறந்தநாள். அன்று டெல்லியிலிருந்து நூறு பேர் அவரோடு சைக்கிளில் கிளம்பினார்கள். டெல்லியைச் சுற்றியுள்ள ஏழு மாநிலங்கள், சுமார் 40 நாட்கள், சுமார் 4,200 கிலோமீட்டர். நாளொன்றுக்குச் சராசரியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், லோயர் கேம்பிலிருந்து தேனிக்குப் போய்த் திரும்பும் தூரம் ஏறத்தாழ அவ்வளவு வரும். வட இந்தியாவின் பங்குனி, சித்திரை வெயிலில் அவ்வளவு தூரத்தைத் தினமும் மிதித்தார்கள். இடையிடையே நிறுத்திக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஏப்ரல் 14, அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளும் வழியிலேயே வந்தது.

இதை ஒரு விளம்பர உத்தியாக மட்டும் பார்க்கக் கூடாது. மூன்று காரணங்கள் இருப்பதாக நான் நினைக்கிறேன். ஒன்று, செலவு. சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டாம், முதலாளியிடம் நன்கொடை கேட்க வேண்டாம். இரண்டு, வேகம். பஸ்ஸில் போகிறவனுக்குக் கிராமம் ஜன்னலில் ஓடிவிடும். சைக்கிளில் போகிறவன் நிற்பான், தண்ணீர் கேட்பான், பேசுவான். மூன்றாவதுதான் முக்கியம். வழியில் அந்தக் கூட்டத்தைப் பார்த்த சேரி மக்களுக்கு, "நம்மவர்கள் நூறு பேர் நெடுஞ்சாலையில் இறங்காமல் போகிறார்கள்" என்பதே ஒரு செய்தி. மேடைப் பேச்சு அதற்குப் பிறகுதான். அந்தப் பயணம் முடிந்து ஒரு வருடத்தில், 1984 ஏப்ரல் 14 அன்று, பகுஜன் சமாஜ் கட்சி பிறந்தது. அந்தக் கட்சியின் பிற்காலப் போக்கைப் பற்றி நமக்குப் பல விமர்சனங்கள் உண்டு. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் ஒரு தலித் பெண் முதலமைச்சராக அமர்ந்ததற்குப் பின்னால் அந்தச் சைக்கிள் மிதியும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான ஒன்று புதுக்கோட்டையில் நடந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் எழுத்தறிவோடு சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, நினைத்த இடத்துக்குப் போய்வரவும் முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று சிலர் அதையே விரும்பினார்கள். கல் உடைத்தவர்களும் விவசாயக் கூலிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள், அசிங்கமாகப் பேசியவர்கள் இருந்தார்கள். ஒரு பெண் ஓட்டியிருந்தால் அந்தப் பேச்சு அவளை வீட்டுக்குள் அனுப்பியிருக்கும். ஆயிரம் பெண்கள் ஓட்டியபோது பேசியவன் வாயை மூடினான்.

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர மேலும் இருபத்தைந்து வருடம் ஆனது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 3(1)(இசட்.ஏ)வை நீங்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ அணிவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுத்தால் அது வன்கொடுமைக் குற்றம் என்று அதில் இருக்கிறது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து, "சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்கக் கூடாது" என்று எழுத வேண்டியிருந்தது என்றால், தடுப்பது எவ்வளவு பரவலாக இருந்திருக்க வேண்டும்! எழுதிய பிறகும் நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டியதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டதாகப் புகார் பதிவானது. ராமநாதபுரத்தின் குடையும் செருப்பும் இன்று புல்லட்டாக மாறியிருக்கிறது.

இப்போது என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளிடம் இன்று சைக்கிள் இருக்கிறது. 2001-02இல் பதினொன்றாம் வகுப்பு பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. போன வருடம் கோடை விடுமுறையில், அந்தச் சைக்கிள்களை வைத்தே எங்கள் பகுதி மாணவிகளைச் சேர்த்து ஒரு பயணம் போகத் திட்டமிட்டோம். பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்து வழியாகப் போக வேண்டும். முந்தின நாள் இரண்டு பெரிய மனிதர்கள் வந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். "பிள்ளைக மெயின் ரோட்டுலயே போகட்டுமே, தெருவுக்குள்ள எதுக்கு? நாளைக்கு ஏதாச்சும் பிரச்சனைன்னா நம்ம எல்லாருக்கும்தான் சங்கடம்" என்றார்கள். பெண்பிள்ளைகள், பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்று நான் பயந்தேன். வழியை மாற்றினேன். பயணம் நன்றாக நடந்தது, படங்கள் எடுத்தோம், எல்லோரும் பாராட்டினார்கள்.

திரும்பி வரும்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அந்தத் தெருவ ஏன் சுத்திப் போனோம்?" என்னிடம் பதில் இல்லை. என் பெரியப்பா சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளினார். நான் இருபது பிள்ளைகளை இறங்கச் சொல்லாமலேயே இறக்கிவிட்டேன். பழைய தடை இன்று இப்படித்தான் வருகிறது. மிரட்டலாக வருவதில்லை, அக்கறையாக வருகிறது. நாமும் அதைப் பாதுகாப்பு என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறோம்.

இந்த ஏப்ரல் 14 வருகிறது. பல ஊர்களில் நம் இளைஞர்கள் பைக் ஊர்வலம் போவார்கள். அதோடு ஒரு சைக்கிள் ஊர்வலமும் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பைக்கில் வர முடியாத பெண்பிள்ளைகளும் சிறுவர்களும் அதில் வர முடியும். ஜூனில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் முதல்போகத்துக்குத் திறந்தால் எல்லோரும் நடவுக்குப் போய்விடுவார்கள், அதற்கு முன் நமக்குக் கோடை இருக்கிறது. போகும் வழியை முன்பே எழுதிக் காவல்நிலையத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஊர்த்தெருவையும் வழியில் சேர்த்து எழுதுங்கள். "அந்தத் தெரு வேண்டாம்" என்று யாராவது சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெற்றோரைக் கூப்பிட்டு முன்பே பேசுங்கள், அவர்களையும் கூட வரச் சொல்லுங்கள். தனியாக யாரையும் அனுப்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டும் தேனி, கம்பம் நண்பர்களுக்கும் ஒரு அழைப்பு. நீங்கள் எந்தத் தெரு வழியாகவும் யாரிடமும் கேட்காமல் போகிறீர்கள். அன்று ஒருநாள் எங்கள் பிள்ளைகளோடு அதே தெருவில் சேர்ந்து வாருங்கள்.

இந்த முறை எங்கள் வழியை நான் மாற்றப் போவதில்லை. பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன். முதுகு வலிக்குது, சைக்கிள் மிதிக்க முடியாது என்றார். ஆனால் அந்தத் தெருமுனையில் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜெய்பீம்.